ஒரு செட்டிங்கைச் சேர்ப்பது எப்படி? பெயரில் இருக்கிறது பாதி வேலை

கடிதம், கணக்கு, வினாத்தாள் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் ஒரு திறமூல மென்பொருள். 2010இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. இதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அப்படியானால், தனக்குத் தேவையான ஒரு செட்டிங்கைத் திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் சேர்க்க முடியுமா? நிச்சயமாக முடியும்.

முதலில், அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெனுவில் தெரியாத ஏராளமான செட்டிங்குகள், விருப்பங்கள் பகுதியில் உள்ள நிபுணர் பட்டியலில் கிடைக்கும்.

இல்லையென்றால் வேலை நான்கு படிகளில் நடக்கும். செட்டிங்கின் பெயர், வகை, இயல்பு மதிப்பு மூன்றையும் அதற்குரிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத வேண்டும். நிரல் அந்த மதிப்பைப் படித்து அதன்படி நடக்கச் செய்ய வேண்டும். பயனர் மாற்றுவதற்குத் திரையில் ஒரு கட்டம் வைக்க வேண்டும். பிறகு, மற்ற நிரலாளர்களின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே, "இது உண்மையிலேயே தேவைதானா?" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்ற 10 செட்டிங்குகள் சேர்ந்தாலே 1024 விதமான நிலைகள் உருவாகிவிடும். அத்தனையிலும் மென்பொருள் பிழையின்றி ஓட வேண்டும். பெரும்பாலோர் செட்டிங்கைத் தொடுவதே இல்லை என்பதால், இயல்பு மதிப்பாக எதை வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது பெயர். லிப்ரே ஆபீஸில் எண் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு செட்டிங் உண்டு. அதில் ஒரு தெரிவுக்கு நிரலுக்குள் இருக்கும் பெயர் 'ஹிந்தி'. அது தேவநாகரி எண்களைக் குறிக்கவில்லை. அரபு நூல்களில் பக்க எண்ணாக நாம் பார்க்கும் வடிவங்களையே குறிக்கிறது. அரபு மொழியில் அவற்றுக்கு 'இந்திய எண்கள்' என்றே பெயர். இந்த வரலாறு தெரியாதவர் அதை 'இந்தி எண்கள்' என்று தமிழாக்கினால், படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

செட்டிங்கை உருவாக்க நிரலாளர் போதும். அது மக்களுக்குப் பயன்பட மொழி அறிந்தவரும் வேண்டும். தமிழாக்கப் பணிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரபு, உருது, தமிழ் படித்த நம் இளைஞர்கள் இதில் முன்வரலாமே!