பொதிகைக்குப் போகும் வழி திருவனந்தபுரம்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் குழாயைத் திறந்தால் வருவது கரமனை ஆற்றுத் தண்ணீர். பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரையில் சுத்தமாகி நகரத்துக்குள் நுழைகிறது. அந்த ஆறு பிறக்கும் மலைத்தொடரின் உச்சிதான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். கிழக்கே நிற்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கு அதுவே பொதிகை, தாமிரபரணி பிறக்கும் மலை. சாலைக் கம்போளத்தில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பழனிக்கும் திருச்செந்தூருக்கும் தவறாமல் போய்வருகின்றன. குடிக்கத் தண்ணீர் தரும் மலையின் பக்கம் மட்டும் ஏனோ கால் திரும்புவதில்லை.

மலைத்தெய்வம் ஆரியசாலைக்குப் புதிதா என்ன? நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி புறப்படும்போது வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருகிறார்கள். வள்ளியை மணந்த மலையிலிருந்து இறங்கிவரும் முருகன் அந்த நாட்களில் தங்குவது ஆரியசாலைக் கோயிலில்தான்.

தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசம், காரையாறு வழியாகப் போன பழைய பாதை களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மலையேறுகிறவர்களுக்கு அது அடைபட்டுவிட்டது. ஆகவே பொதிகையைக் கும்பிட நினைக்கும் நெல்லைக்காரரும் திருவனந்தபுரம் தம்பானூரில் வந்திறங்கி, நெடுமங்காடு, விதுரா தாண்டிப் போனக்காட்டுக்குத்தான் வரவேண்டும். உற்பத்தி நின்றுபோன ஒரு தேயிலைத் தோட்டத்தின் நடுவே, வனத்துறை அலுவலகத்தில் பையைச் சோதிக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. ஜனவரி தொடங்கி மழைக்கு முந்தைய சில வாரங்கள்தான் பருவம். நாளொன்றுக்கு நூறு பேர் அளவில்தான் விடுகிறார்கள். முன்பதிவு திறந்த கையோடு இடம் தீர்ந்துபோவதால் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஓர் ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் காட்டில் கூட்டம் சேரக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகினாலும் சரிதான்.

முதல் நாள் நடை அதிருமலை முகாம் வரை. ஓடைகள், பிறகு புல்மேடு, பிறகு செங்குத்தான காடு. ஈரமான இடங்களில் அட்டை ஏறும். யானை புகாதபடி சுற்றிலும் அகழி வெட்டிய முகாமில் இரவுக்குக் கஞ்சி கிடைக்கும். மறுநாள் உச்சி. பொங்காலப்பாறைக்கு மேலே மரங்கள் குட்டையாகி, காற்று ஆளைத் தள்ளும். மொட்டைப் பாறையில் கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். மேலே அகத்தியர் சிலை. வானம் தெளிந்திருந்தால் கிழக்கே தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் மின்னும். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஓர் ஆர்க்கிட், பாபியோபெடிலம் துருரி, இந்த மலைகளுக்கே சொந்தமானது.

இந்த உச்சிக்குக் கருவிகளைச் சுமந்துபோன கதையும் உண்டு. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானியல் நிலையத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பூமியின் காந்தப்புலத்தை அளக்க அகத்தியமலை மேலேயே ஒரு நிலையம் கட்டினார். காட்டை வெட்டிப் பாதை போட்டு, யானையும் புலியும் உலவும் இடத்தில் ஆட்களைத் தங்கவைத்து எடுத்த அளவீடுகள் 1874இல் நூலாக வந்தன. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைத் தொடங்கிவைத்தவரும் இவர்தான்.

ஆனால் இந்த மலையின் உண்மையான அறிஞர்கள் இங்கு வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள். 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் நடந்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். வந்தவர்கள் மூச்சு வாங்கி உட்கார, வழிகாட்டிகளான மல்லன் காணியும் குட்டிமாத்தன் காணியும் ஏதோ சிறு காய்களை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை, குலத்துக்குள் காத்துவந்த ரகசியம் அது. தயங்கித் தயங்கித்தான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்குத் தயாரிப்பு உரிமையைக் கொடுத்தது. பத்து லட்சம் ரூபாய் உரிமத் தொகையிலும் இரண்டு சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. பழங்குடி அறிவுக்கு விலை கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே இதைப் பேசியது. தொகை பெரிதில்லை, மனத்தாங்கல்களும் எழுந்தன. ஆனாலும் ‘இது உங்கள் அறிவு’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமில்லை. இன்றும் இந்தப் பாதையில் வழிகாட்டியாக முன்னே நடக்கிறவர் பெரும்பாலும் காணிதான். அவர் நில் என்றால் நிற்கவேண்டும், அங்கே செல்ஃபி வேண்டாம்.

உச்சிக்குப் பெண்கள் போகத் தடை இருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் அதை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்பவர், தடை நீங்கியபின் முதல் பெண்ணாக ஏறினார். அகத்தியரைக் குலமுதல்வராகக் கும்பிடும் காணிகள் போனக்காட்டில் உட்கார்ந்து தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தார்கள், வழியை மறிக்கவில்லை. அந்தக் கண்ணியத்துக்குப் பதிலாக, ஏறுகிறவர்கள் ஆணோ பெண்ணோ அவர்களுடைய வழிபாட்டிடத்தை மதித்து நடப்பதுதான் முறை.

பாஸ் கிடைக்காதவர்களுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும் பொன்முடி இருக்கிறது. தம்பானூரிலிருந்து பஸ், கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சோலையும் புல்வெளியும். பக்கத்து வரையாட்டுமொட்டையில் வரையாடுகள் மேய்கின்றன. விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் மூடுபனி கலைவதற்குள் ஏறிவிடலாம். மதியத்துக்குப் பிறகு மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, குடை அவசியம்.