ஐந்து கிலோ குறைந்தால் போதுமா?



பள்ளிவாசலில் ஸஃப்பின் ஓரத்தில் போட்டிருக்கும் நாற்காலிகளில் இன்று முதியவர்கள் மட்டும் உட்காரவில்லை. ஐம்பதைத் தொடாதவர்களும் ஸுஜூது செய்ய முடியாமல் உட்கார்ந்தே தொழுகிறார்கள். கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். "இருபது கிலோ குறைக்கணுமாம், நடக்கிற காரியமா?" என்று அத்தோடு விட்டும் விடுவார்கள்.

இந்த இருபது கிலோ என்ற எண்தான் பலரை முதல் அடிகூட எடுக்கவிடாமல் தடுக்கிறது. உடம்புக்கு நன்மை கிடைக்க அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே பலன் தெரியத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது நான்கிலிருந்து ஐந்தரை கிலோ.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனான முதியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதைக் கண்டார்கள். ஐந்து கிலோ குறைந்தவருக்கு அடிக்கு இருபது கிலோ பாரம் இறங்குகிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம்! ஹஜ், உம்ராவுக்கு நிய்யத் வைத்திருப்பவர்கள் தவாஃபையும் ஸஃயையும் நினைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது சர்க்கரை. நீரிழிவின் வாசலில் நின்ற 3,000க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002ல் வெளியானது. உணவைக் கட்டுப்படுத்தி, வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது ஐந்தரை கிலோ அளவுதான். ஆனால் அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதமே குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நம் மக்களிடமே செய்த ஆய்வு 2006ல் வந்தது. அதில் எடை பெரிதாக இறங்காதபோதும், நடையும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவு அபாயத்தை 28 சதவீதத்துக்கு மேல் குறைத்தன. ஆகவே தராசு முள் அசையவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். இரத்த அழுத்தமும் எடையோடு சேர்ந்து இறங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும் கரையும்.

எங்கே தொடங்குவது? டீயில் தொடங்கலாம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு கரண்டி என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை டீயிலேயே போய்விடுகிறது. முதலில் இரண்டை ஒன்றாக்குங்கள், நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிரியாணியை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் சஹனில் சேர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரை நமக்குப் புதியதல்ல.

ரமலானில் குறையும் எடை ஷவ்வாலில் திரும்பி வந்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். சிலருக்கு ரமலானிலேயே கூடுகிறது. நோன்புக் கஞ்சி அதற்குக் காரணமில்லை. கூடவே வரும் வடை, சமூசா, சர்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு நடக்க இடமில்லை என்பது உண்மையான குறை. தெருவில் நடக்கத் தயங்குபவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் வீட்டுக் கூடம். மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் நடந்தாலும் அரை மணி நேரம்தான். ஃபஜ்ருக்குப் பிறகு அந்த அரை மணி நேரம் வீட்டு ஆண்கள் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளட்டும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், சாப்பாடும் எடையும் குறையும்போது பழைய அளவு மருந்தே அதிகமாகிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இனிப்பு சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது. எந்த முயற்சியும் செய்யாமல் ஒருவர் இளைத்துக்கொண்டே போனால் அது சந்தோஷப்படவேண்டிய விஷயமல்ல. கட்டுக்கு மீறிய சர்க்கரையோ காசநோயோ காரணமாக இருக்கலாம். அவரை அந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.