தூண்டிற்காரரின் இராக் கூடாரம்

மீன் பிடித்தல் சிலருக்குத் தொழில், சிலருக்குப் பொழுதுபோக்கு. கடலை நம்பி வாழும் நம் கரையோர மக்களுக்கு அது சோறு போடும் தொழிலாகும். இங்கிலாந்திலோ, வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் காரியாலயத்திலும் உழைத்தவர்கள் பலர் வார இறுதியில் ஒரு குளக்கரையை நாடிச் சென்று, தூண்டிலை நீரில் இட்டு, ஓரிரவோ ஈரிரவோ அங்கேயே தங்கிவிடுகின்றனர். பிடித்த மீனை அவர்களுட் பெரும்பாலோர் உண்பதுமில்லை. நிறுத்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். இவ்வாறு தங்குவோர் தம் தலைக்கு மேல் விரிக்கும் சிறு கூடாரத்துக்குப் 'பிவி' என்று பெயர். அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பது மிகச் சிறிய விடயம்போலத் தோன்றும். ஆயினும் காற்று, நீராவி, நெருப்பு என்னும் மூன்றின் இயல்புகளும் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஓர் உயிரின் பாதுகாப்பும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

முதலிற் பெயரைப் பார்ப்போம். 'பிவுவாக்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கமே பிவி. அச்சொல்லுக்கு மூலம் சுவிற்சலாந்து மக்கள் பேசும் செருமன் மொழியில் இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். ஊர்க்காவலருக்குத் துணையாக இராக்காலத்தில் விழித்திருந்த மேலதிகக் காவலையே அது முதலிற் குறித்தது. பின்னர்ப் போர்வீரர் வெட்டவெளியில் இராத் தங்குவதைக் குறித்தது. இன்று அவ்வாறு தங்குவதற்குரிய சிறு மறைப்பைக் குறிக்கின்றது. விழிப்பைக் குறித்த சொல் உறங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்ததெனினும், தூண்டிற்காரர் வகையில் அதன் பழைய பொருள் முற்றாக அழிந்துவிடவில்லை. அவர் அங்கே பாதி உறக்கமும் பாதி விழிப்புமாகவே கிடக்கின்றார்.

இரவில் தங்கவேண்டிய தேவை யாது? 'கார்ப்' எனப்படும் பெருங்கெண்டை மிகுந்த எச்சரிக்கையுள்ள மீன். பகலில் மனித நடமாட்டத்தை உணர்ந்து விலகி நிற்கும் பெரிய மீன்கள், இருளும் அமைதியும் சூழ்ந்தபின் இரை தேடிக் கரையோரம் வருவதுண்டு. 1952 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13 ஆம் நாள், விடியுமுன் இருளில், கெரபோட்சயர்ப் பகுதியிலுள்ள இரெட்மயர் என்னும் சிறு குளத்தில், இரிச்சாட் வோக்கர் என்பவர் 44 இறாத்தல் நிறையுள்ள கார்ப் மீனொன்றைப் பிடித்தார். அம்மீன் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் நீர்வாழ் உயிரினக் கூடத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1971 வரை அங்கே உயிர்வாழ்ந்தது. பிரித்தானியாவின் மிகப்பெரிய கார்ப் என்னும் பெருமையை அது 1980 வரை தாங்கி நின்றது. வோக்கர் ஒரு பொறியியலாளர். மீன் இரையைப் பற்றி நூலை இழுத்ததும் ஒலியெழுப்பும் மின்கருவியொன்றை அவர் அமைத்திருந்தார். அத்தகைய கருவிகள் பரவிய பின்னரே, தூண்டிலைக் கண்கொட்டாது பார்த்திருக்க வேண்டிய நிலை நீங்கி, அதன் அருகிற் படுத்து ஓய்வெடுக்கும் பழக்கம் பெருகியது. முற்காலத்தில் அகன்றதொரு குடையைச் சாய்த்து நட்டு, அதன் ஓரங்களிற் படங்கைத் தொங்கவிட்டு ஒதுங்கியிருந்தனர். இன்றைய பிவி அந்தக் குடையின் வழித்தோன்றல்.

இன்று விற்பனையிலுள்ளவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, குடையைப் போலவே விரியும் நீள்வட்டக் கூரை. அதற்கு முன்புறம் திறந்திருக்கும். வேண்டுமாயின் தனித் திரையொன்றைப் பூட்டலாம். சில நிமிடங்களில் விரிக்கலாம், மடக்கலாம். நிறையும் குறைவு, பெரும்பாலானவை 4 முதல் 6 கிலோகிராம் வரை இருக்கும். இரண்டாவது, குழந்தை வண்டியின் மூடியைப் போல் வளைந்த அலுமினிய விலாக்கள் ஒரு மூட்டிலிருந்து விரிந்து துணியை இழுத்துப் பிடிக்கும் ஒருவர்க் கூடாரம். இதற்குக் கதவும் சாளரமும் உண்டு. மூன்றாவது, அதே அமைப்பில் இருவர் தங்கத்தக்க பெரிய கூடாரம். இது 12 கிலோகிராமுக்கு மேலும் நிறை கொள்ளும். ஓரிரவுக்காக அரை மைல் நடந்து செல்பவருக்கு முதல்வகை போதும். குளிர்காலத்தில் மூன்று நாள் தங்குபவருக்கு இரண்டாம் வகை ஏற்றது. இருவர்க் கூடாரத்தை வாங்கிவிட்டுத் தனியே சுமந்து செல்பவர், உறங்கும் சுகத்துக்காக நடக்கும் சுகத்தை விற்றவராவார். எனவே, முதலிற் கேட்க வேண்டிய கேள்வி கூடாரத்தைப் பற்றியதன்று. எத்தனை இரவு, எந்தப் பருவம், எவ்வளவு தூரம் என்பதே முதற் கேள்வி.

அடுத்தது மழை. கூடாரத் துணிகளின் விலைச்சீட்டில் 5,000 மில்லிமீற்றர், 10,000 மில்லிமீற்றர் என எண்கள் காணப்படும். துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீரை ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரமான நீர்நிரலின் அமுக்கத்தை அது கசியாமல் தாங்குகின்றதோ, அவ்வுயரமே இவ்வெண்ணாகும். மழைத்துளி கூரையிற் கொடுக்கும் அமுக்கம் சிறிது. ஆதலால் மிகப் பெரிய எண் கூரைக்கு இன்றியமையாததன்று. நிலவிரிப்பின் நிலை வேறு. 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் ஈர நிலத்தின்மீது முழங்காற்படியிட்டு நிற்கின்றார் எனக் கொள்வோம். அப்பாரம் 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் தங்குமாயின், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 750 கிராமைத் தாங்க வேண்டும். அது 7,500 மில்லிமீற்றர் நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமம். கூரையை நுணுகி ஆராய்ந்து, நிலவிரிப்பை ஏனோதானோவென்று வாங்குபவர் மேலே நனையாமற் கீழே நனைவார். தையல்களின் மேல் நீர்புகா நாடா ஒட்டப்பட்டிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். துணி எவ்வளவு நல்லதாயினும், ஊசி துளைத்த வழியே நீர் புகும்.

இனி, பலரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் விடயமொன்று உண்டு. மழையே பெய்யாத இரவில், விடியற்காலையில் விழித்துப் பார்க்கும்போது கூடாரத்தின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்கும். படுக்கையும் ஈரமாகியிருக்கும். 'கூடாரம் ஒழுகுகின்றது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குச் செல்வோர் உளர். உண்மையில் அது ஒழுக்கன்று. குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் அரும்புவதை எல்லோரும் கண்டிருக்கின்றோம். செம்பு ஒழுகவில்லை, காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த உலோகத்திற் பட்டு ஒடுங்கியது. கூடாரத்திலும் அதுவே நிகழ்கின்றது. உறங்கும் ஒருவரின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஓரிரவில் ஏறத்தாழக் கால் லீற்றர் நீர் ஆவியாக வெளியேறும். குளக்கரைக் காற்றிலும் ஈரம் மிகுதி. மேகமற்ற இரவில் கூடாரத்துணி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றிலும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகின்றது. அதன்மேற் பட்ட நீராவி நீராகின்றது. துளிகள் உட்புறமெங்கும் ஒரே சீராக நின்றால் அது ஒடுங்கிய நீர் என்றும், தையலோரத்திலோ ஓரிடத்திலோ மட்டும் வழிந்தால் அது கசிவு என்றும் அறிந்துகொள்ளலாம்.

நம் கரையோரங்களில், பருவத்துக்குப் பருவம் இடம்மாறும் மீனவர் அமைக்கும் வாடிகளை இங்கே நினைத்துப் பார்த்தல் தகும். கிடுகாலும் பனையோலையாலும் வேயப்பட்ட வாடி மழையைத் தடுக்கும். ஆனால் மூச்சைத் தடுக்காது. ஓலையின் இடுக்குகள் வழியே நீராவி வெளியேறிவிடும். நைலோனும் பொலியெஸ்தரும் மழையையும் தடுக்கும், மூச்சையும் தடுக்கும். ஆதலால் நல்ல பிவிக்குக் காற்று வழிகள் இருத்தல் வேண்டும்: பின்புறத்தில் திறந்து மூடும் துளைகள், கதவின் மேற்பகுதியில் நுளம்பு புகாத வலை ஆகியன. குளிர்காலத்துக்கு, கூடாரத்தின்மேல் இடைவெளி விட்டுப் போர்த்தும் இரண்டாவது தோல் உதவும். இடையில் நிற்கும் காற்று உட்துணி மிகையாகக் குளிராமற் காக்கும். எனினும், இரட்டைத் தோலும் காற்று வழிக்கு மாற்றாகாது.

காற்றைப் பற்றியும் கூறல் வேண்டும். கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் காட்டுக என்பது பொது விதி. தூண்டிற்காரருக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இளவெப்பக் காற்று வீசும் கரையை நோக்கியே கார்ப் மீன்கள் பெரும்பாலும் செல்கின்றன. எனவே, மீனை நாடுபவர் காற்றை எதிர்முகமாக ஏற்க வேண்டியவராகின்றார். காற்றின் வேகம் இருமடங்காயின் அதன் உந்து விசை நான்கு மடங்காகும். ஆகவே, உயர்ந்து நிற்கும் விசாலமான கூடாரத்திலும், தாழ்ந்து வளைந்த கூடாரமே புயலுக்குத் தாங்கும். முன்புறத்தில் முட்டுக் கொடுக்கும் கம்புகளும், இழுத்துக் கட்டும் கயிறுகளும் உள்ளனவா எனப் பார்த்தல் நன்று. முளைகளும் இடத்துக்கேற்ப வேறுபடும். மென்மண்ணுக்கு நீண்டவை, கற்றரைக்குத் திருகி இறக்குபவை, பலகைத் தளத்துக்குத் திருகாணிகள். ஒருவகை முளையை மட்டும் கொண்டு செல்பவர் நள்ளிரவில் கூடாரத்தைக் கையாற் பிடித்துக்கொண்டு நிற்க நேரிடும்.

சட்டமும் ஒன்று சொல்லுகின்றது. இங்கிலாந்தில், தூண்டிலை இட்டுவிட்டு, அதனைக் கையாள முடியாத தூரத்துக்கு விலகியிருத்தல் குற்றமாகும். ஆதலால் கூடாரம் தூண்டிலின் அருகிலேயே, சில அடிகளுக்குள் நிற்றல் வேண்டும். ஒலி கேட்டதும் இருளில் எழுந்து, காலிடறாமல் வெளியேறத்தக்க உயரமும் அகலமும் வாயிலுக்கு இருத்தல் வேண்டும். வாயிலின் குறுக்கே உயர்ந்த துணி விளிம்பு உள்ள கூடாரம் கடையிற் பார்க்க அழகாயிருக்கும். நீர்க்கரையிலோ அது விழுத்திவிடும் பொறி.

இறுதியாக, இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. குளிர் மிகுந்த இரவில், மழையும் சேர்ந்து வருத்தும்போது, கதவை முற்றாக மூடிக்கொண்டு, சமைத்து முடித்த கரியடுப்பை உள்ளே எடுத்து வைக்கலாமென்று மனம் தூண்டும். சுவாலை அடங்கி, கனல் மட்டுமே எஞ்சியிருப்பதால் தீங்கில்லை என்று தோன்றும். அங்கேதான் மரணம் இருக்கின்றது. போதிய ஒட்சிசன் இன்றி எரியும் கரியிலிருந்தும் வாயுவிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகின்றது. நுரையீரல் காற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும். உடலுக்கோ ஒட்சிசன் போய்ச் சேராது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன அறிகுறிகளாகும். உறங்குபவர் அவற்றை உணர்வதில்லை. விழித்திருப்பவரும் களைப்பென்றே எண்ணிவிடுவார். மழையைத் தடுப்பதற்கென விலை கொடுத்து வாங்கிய நல்ல துணியே அவ்வாயுவையும் வெளியே விடாமற் பிடித்து வைக்கின்றது. இங்கிலாந்தின் நீர்க்கரைகளில் இவ்வாறு உயிரிழந்த தூண்டிற்காரர் உளர்.

எனவே, கரியடுப்பை எந்நிலையிலும் கூடாரத்துள் கொண்டு செல்லலாகாது. வாயு அடுப்பைச் சூடேறுவதற்காக உள்ளே எரித்தலும் ஆகாது. குளிருக்கு மருந்து நெருப்பன்று. தடித்த உறக்கப்பையும், நிலத்திலிருந்து உயர்ந்த படுக்கையும், உலர்ந்த உடையுமே அதற்கு மருந்து. காபனோரொட்சைட்டை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவிகள் இன்று விற்பனையில் உள்ளன. மீன் வந்ததை அறிவிக்க ஒரு மணியை வைத்திருப்பவர், மரணம் வந்ததை அறிவிக்கவும் ஒரு மணியை வைத்திருத்தல் அறிவுடைமையன்றோ? ஆயினும் அக்கருவி கூடுதற் காவல் மட்டுமே. அதனை நம்பி அடுப்பை உள்ளே கொண்டு வருதல் பேதைமையாகும்.

இடி மின்னலின்போதும் இக்கூடாரம் காவலன்று. காபன் இழையாற் செய்த தூண்டிற் கம்பு மின்னைக் கடத்தும். ஆகவே, தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் வண்டியினுள்ளோ உறுதியான கட்டடத்துள்ளோ ஒதுங்குதல் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னும் ஒரு கடமை உண்டு. ஈரக் கூடாரத்தைச் சுருட்டி மூலையில் வைத்தால் சில நாட்களிற் பூஞ்சணம் பிடிக்கும். நீண்ட நேரம் கடும் வெயிலிற் கிடந்தாலும் துணியின் வலிமை குன்றும். நிழலிற் காற்றாட உலர்த்தி மடித்து வைத்தலே முறை.

கடையில் நிற்கும்போது, விலையையும் நிறத்தையும் பார்ப்பதன் முன், ஒருமுறை அதனை விரித்து உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். கதவை முற்றாக மூடிய நிலையிலும் காற்று எந்த வழியாக வருகின்றது, எந்த வழியாகப் போகின்றது என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்குத் தெளிவான விடை தரும் கூடாரமே வாங்கத்தக்கது. மழையை வெளியே நிறுத்துவதும் மூச்சை வெளியே விடுவதுமாகிய இரண்டையும் ஒருங்கே செய்வதே, குளக்கரையிலாயினும் கடற்கரையிலாயினும், மனிதன் தங்கும் கூரைக்குரிய இலக்கணம்.