சாப்பிட்டேன்மா... நிஜமாத்தான்!

பெரியகுளத்துல இருந்து லண்டனுக்குப் படிக்கப் போறீங்களா? ஃபீஸ், வாடகை போக மிஞ்சுறது கொஞ்சம்தான். உடனே மதியச் சாப்பாட்டுல கை வைக்காதீங்க பாஸ்!

1888-ல் அங்கே சட்டம் படிக்கப் போன காந்தி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி ரொட்டி, கோகோ என ரூமிலேயே முடித்து, நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் சமாளித்தார்.

நீங்க? மைசூர் பருப்பை ஊற வைக்கவே வேண்டாம், சீக்கிரம் வெந்துடும். கூடவே முட்டை, ஃப்ரோஸன் கீரை. பி.கே.எம்.1 முருங்கை நம்ம ஊர் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம்தான். ஆனா, முருங்கைக்காய் அங்கே இறக்குமதிச் சரக்கு, விலை எகிறும். சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் போனா, தேதி முடியப்போற அயிட்டங்களை மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைச்சு வெச்சிருப்பாங்க. அன்னிக்கே சமைச்சிடுங்க!

'சாப்பிட்டியா?'னு அம்மா போன்ல கேட்டா, பொய் சொல்ற நிலைமை வரக் கூடாது. ஓகேவா?