மரம் வகுத்த நேரத்தில் விழித்த ஊர்

ஜொகூர் மாநிலத்தின் நடுவில் இருக்கும் குளுவாங் நகரைச் சுற்றி நியோர், மெங்கிபோல், லம்பாக், பாமோல் என்ற பெயர்களில் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. எல்லாமே தோட்டப் பெயர்கள். மலேசியத் தமிழர்களுக்குத் தோட்டம் என்றால் அது ஊர். வரிசையாக லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், எல்லையில் முனியாண்டி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, பள்ளிக்கூடம், சற்றுத் தள்ளிக் கள்ளுக்கடை. கிராமத்துக்கு உரிய எல்லாமே அங்கே இருந்தன, காலடி மண் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம்.

தமிழ்நாட்டில் ஓர் ஊர் ஆற்றையோ ஏரியையோ பார்த்து அமையும். ஜொகூரின் தோட்டத்து ஊர் ஒரு மரத்தை, ரப்பர் மரத்தைப் பார்த்து அமைந்தது. அந்த மரத்தின் உடலுக்குள் நடப்பதுதான் ஊர் எப்போது விழிக்கும், எப்போது சாப்பிடும், எந்த மாதம் கையில் காசு குறையும் என்பதையெல்லாம் தீர்மானித்தது. தோட்டத்து வரலாற்றைப் பேசும்போது ஆள்சேர்த்த கங்காணியையும் தோட்ட நிர்வாகியான துரையையும் பற்றிப் பேசுகிறோம். மரத்தையும் சேர்த்துப் பேசினால்தான் அந்த வாழ்க்கை முழுதாக விளங்கும் என்பது என் எண்ணம்.

ரப்பருக்கு முன் ஜொகூரில் ஆண்ட பயிர்கள் கம்பீரும் மிளகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைகளில் காடழித்து அவற்றைப் பயிரிட்டார்கள். கம்பீர் இலையைக் கொதிக்கவைக்க விறகு ஏராளமாக வேண்டும். பயிரோ மண்ணின் சாரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். அந்தப் பயிர்களுக்கு நிலம் கொடுத்துவந்த முறை 1917-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தபோது ரப்பர் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876-இல் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. ஜொகூர் வழியாக 1909-இல் ரயில் ஓடத் தொடங்கியதும் உள்நாட்டுக் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று தமிழர்களை அழைத்து வந்தார்கள். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும்வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது.

விடிவதற்கு முன்பே தோட்டத்தில் மணி அடிக்கும். பெரட்டு என்ற காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். இருட்டோடு இருட்டாக, தலையில் விளக்குக் கட்டி, வெட்டுக்கத்தியோடு நிரைக்கு, அதாவது தமக்குரிய மர வரிசைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தைக் குறித்தது துரையின் கடுமை மட்டுமல்ல, மரமும்தான். பால் ஓடும் குழாய்கள் மரப்பட்டையின் உட்பகுதியில், தண்டைச் சுற்றி அடுக்கடுக்கான வளையங்களாக இருக்கின்றன. இரவில் இலைகளின் துளைகள் மூடியிருக்கும். வேர் இழுத்த நீர் வெளியே போக வழியின்றி உயிரணுக்களில் நிறையும். விடியற்காலையில் பால்குழாய்களுக்குள் அழுத்தம் பத்து வளிமண்டல அளவையும் தாண்டும், அதாவது கார் டயருக்குள் இருப்பதைப் போல் நான்கைந்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும். ஒரு மணி நேரம் தாமதித்தால் பால் ஏந்தும் மங்குக் கோப்பையில் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும்.

வெட்டும் விதத்திலும் நுட்பம் உண்டு. பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. மேலே போகப் போகச் சற்றே வலப்பக்கம் சாயும். அதனால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்பட்டு, அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். மரத்தைக் கொல்லாமல், ஒரே வெட்டை நாள்தோறும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890-களில் வகுத்துப் பரப்பியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அதைத் தலைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 மரங்களில் செய்து முடித்தவர்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும். நுண்ணிய அறுவைக்கு ஈடான வேலை அது. பதிவேடுகள் அவர்களைக் கூலிகள் என்றே எழுதிவைத்தன.

இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் தானாக நின்றுவிடும். பாலுக்குள் லூட்டாய்டு என்ற நுண்பைகள் மிதக்கின்றன. வெட்டுவாயில் அவை உடையும்போது ஹெவீன் என்ற புரதம் வெளிப்பட்டு ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. மரம் தன் காயத்தை அடைத்துக்கொள்ளும் வழி அது. அதற்குள் வெட்டி முடித்தவர்கள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, மறுபடி நிரைக்குள் போய்ப் பாலெடுத்துக் காண்டா என்ற காவடித்தடியில் சுமந்து ஸ்டோருக்கு வருவார்கள். பிந்தி வடிந்து உறைந்தது கட்டிப்பால். அதற்குத் தனி விலை. தாய்மார்கள் இருட்டிலேயே கிளம்பியதால்தான் தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விட ஓர் ஆயக்கொட்டகை வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் மழை கேட்டு மாரியம்மனைக் கும்பிட்டவர்கள் இவர்கள். இங்கே மழை பெய்தால் வெட்டு இல்லை, ஈரப்பட்டையில் பால் வாய்க்கால் தாண்டி வழிந்து வீணாகும். மழை கூலியைப் பறிக்கும் மண்ணிலும் அதே அம்மனுக்குத்தான் கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள். பக்தி பயிரைத் தாண்டியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மாசி, பங்குனியில் மரம் இலையுதிர்க்கும், புதுத் தளிருக்குச் சத்து போவதால் பாலும் சுருங்கும். பிள்ளைகளுக்கு வேறொரு பருவம் உண்டு. மூன்று விதை கொண்ட ரப்பர்க் காய் வெயிலில் காய்ந்து படாரென்று வெடித்து, விதைகளை வெகுதூரம் எறியும். அந்த விதையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைப்பது தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஆடிய விளையாட்டு.

பிறகு எண்ணெய் தரும் செம்பனை வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் மலேசியாவில் சரியாகக் காய்க்கவில்லை. ஆண் பாளையும் பெண் பாளையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் வருவதால், மகரந்தத்தை ஒருவர் சுமந்து கொடுத்தாக வேண்டும். காற்று அதைச் செய்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர்களே மகரந்தத்தூளைப் பெண் பாளைகளில் ஊதினார்கள். கேமரூனில் வேலை பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு, அங்கே ஊதாமலே காய்க்கிறதே என்று ஐயம். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கே போய் ஆராய்ந்து விடையைக் கண்டார்: மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டு. அது ஆண் பாளையில் முட்டையிடும். அதன் புழுக்கள் வாடிய ஆண் பூக்களைத் தின்று வளரும். பெண் பாளையும் அதே சோம்பு வாசனையை வீசி அதை ஏமாற்றி வரவழைக்கும், வண்டின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும்.

வேறு பயிர்களுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்துப் பார்த்தபின், 1981 பிப்ரவரியில் அந்த வண்டுகளை முதன்முதலாக விட்ட இடம் குளுவாங்கின் பாமோல் தோட்டம். குறுகிய காலத்தில் நாடெங்கும் பரவின. கையால் ஊதும் வேலை மறைந்தது. உலகச் செம்பனை வரலாற்றில் குளுவாங்குக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது.

செம்பனைக்கு விடியல் முக்கியமில்லை. அறுத்த குலை கெடாமல் விரைவில் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ரப்பருக்குத் தேவைப்பட்டதில் ஒரு பகுதி ஆட்களே அதே நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கனத்த குலையை அறுப்பது ஆண்களின் வேலையானதால், பால் வெட்டிய பெண்களின் கைத்திறனுக்கு மதிப்பில்லாமல் போனது. தோட்டங்கள் செம்பனைக்கு மாற மாற லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஜொகூர் பாருவுக்கும் அதன் அருகிலுள்ள மாசாய்க்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போயின. ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் கலைவதற்குப் போரோ வெள்ளமோ தேவைப்படவில்லை, மரம் மாறியது போதுமானதாக இருந்தது.

அந்த ஊர்களில் பால் வெட்டியவர்கள் பலர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை மணிக்குப் பெரட்டு, எந்த நிரை, கத்தியை எப்படிப் பிடித்தார்கள், மழை நாளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அவர்களிடம் கேட்டு, தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளிப் புகைப்படம், சம்பளச் சீட்டு எதையும் பழைய தாள் என்று தூக்கி எறியாதீர்கள்.