பனிக்கு மட்டும் தோற்கும் பூனை

புளோரிடாவின் பிக் சைப்ரஸ் சதுப்புக் காட்டில், மலைப்பாம்பு முட்டையிட்டிருந்த இடத்தைக் கண்காணித்த தானியங்கிக் கேமராவில் 2021இல் பாப்கேட் என்ற காட்டுப்பூனை ஒன்று பதிவானது. தாய்ப்பாம்பு இல்லாத நேரத்தில் வந்து முட்டைகளைத் தின்றது. ருசி கண்டதால் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு படத்தில் பாம்பு அதன்மேல் பாய்கிறது. இன்னொன்றில் பூனை முன்னங்காலால் பாம்பை அறைகிறது. அது பர்மிய மலைப்பாம்பு, செல்லப்பிராணி வணிகத்தால் அமெரிக்காவுக்கு வந்து காட்டில் பெருகியது. வேற்று நாட்டிலிருந்து வந்த பாம்பின் முட்டையையும் விட்டுவைக்காத வயிறு பாப்கேட்டுக்கு.

தெற்குக் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை இது பரவியிருப்பதற்கு அந்த வயிறும் ஒரு காரணம். லின்க்ஸ் என்ற பூனைப் பேரினத்தில் இதுவே சிறியது. வீட்டுப்பூனையைப்போல் இரு மடங்கு இருக்கும். வால் கட்டை, காதின் பின்புறம் வெள்ளைத் திட்டு. சதுப்பு, ஊசியிலைக் காடு, கள்ளி முளைத்த பாலை, புறநகர் என எங்கும் வாழும். பதுங்கப் புதரோ பாறையோ இருந்தால் சரி. அந்தியிலும் விடியலிலும் பதுங்கிப் பாய்ந்து வேட்டையாடும். பெரும்பாலும் முயல்தான், வாய்ப்புக் கிடைத்தால் மானையும் வீழ்த்தும்.

வடக்கே அதைத் தடுப்பது ஆழமான பனி. அங்கே வாழும் கனடா லின்க்ஸுக்கு அகலமான, ரோமம் அடர்ந்த பாதங்கள். பனியில் அதிகம் புதையாமல் நடக்கும். பாப்கேட்டின் சிறிய பாதம் புதைந்துவிடும். ஆனால் லின்க்ஸ் பனிமுயலையே நம்பி வாழ்வது; முயல் குறைந்தால் அதுவும் குறையும். இரண்டில் எது கெட்டிக்காரப் பிழைப்பு என்று கேட்டால் என் ஓட்டு பாப்கேட்டுக்கே.

சுமார் இரண்டு மாதக் கர்ப்பத்துக்குப் பின், பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கும். வளர்ப்பதெல்லாம் தாய்தான், தகப்பன் எட்டிப் பார்ப்பதில்லை.

எதையும் தின்னும் குணத்துக்கு ஊர்ப்புறத்தில் விலை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மலைகளில், எலிமருந்து தின்ற இரை வழியாக நஞ்சு பாப்கேட்டின் உடலில் சேர்கிறது. அப்படி நஞ்சேறியவற்றைச் சொறிநோய் அதிகம் தாக்கிக் கொன்றதை ஆய்வாளர்கள் கண்டார்கள். கலிபோர்னியா 2019இல் பாப்கேட் வேட்டைக்குத் தடைச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, வீரியமிக்க எலிமருந்துகளின் பெரும்பாலான பயன்பாட்டுக்கும் தடை கொண்டுவந்தது.