மயக்க மருந்தும் ஒரு பாலாடைப் பாலும்

"கத்தியை நினைத்துக்கூடப் பயமில்லை, டாக்டர். மயக்க மருந்து கொடுத்தால் பிற்காலத்தில் பிள்ளை மந்தமாகிவிடும் என்கிறார்களே, நிஜமா?"

ஆபரேஷன் அறை வாசலில், மூன்று மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள் அந்தத் தாய். குழந்தைக்குக் குடலிறக்கம். பக்கத்தில் மாமியார். உறவினரைப் பார்க்கப் போயிருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2003-இல் அமெரிக்க விஞ்ஞானிகள், பிறந்து 7 நாளே ஆன எலிக்குஞ்சுகளை 6 மணி நேரம் மயக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூளை அணுக்கள் பல மடிந்திருந்தன. சேதி பரவி, பெற்றோர் வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஆனால் எலி வேறு, நம் வீட்டுக் கண்மணி வேறு அல்லவா? 7 நாடுகளில், இதே குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முழு மயக்கம், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். மற்றப் பிரிவுக்கு முதுகில் ஊசி போட்டு, மரத்துப்போக வைத்து ஆபரேஷன். 5 வயதில் அறிவுச் சோதனை வைத்தார்கள். முடிவு 2019-இல் வந்தது: இரு பிரிவுக்கும் சராசரி ஏறக்குறைய 99!

மூன்று வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும், அடிக்கடி கொடுக்கும் மயக்கமும்தான் யோசிக்க வேண்டியவை என்று அமெரிக்க மருந்து இலாகா 2016-இல் எச்சரித்தது. அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப் போடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால், ரத்த ஓட்டம் நின்று அழுகிவிடுமே!

டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "கடைசியாகப் பால் கொடுத்தது எப்போது?" என்றார்.

"விடியற்காலை நாலு மணிக்கு."

மாமியார் சுவரைப் பார்த்தாள். டாக்டர் அந்த முகத்தைப் படித்துவிட்டார். "பாட்டி?"

"பசியில் துடித்தான், ஐயா. இப்போதுதான்... ஒரே ஒரு பாலாடை பசும்பால்."

டாக்டர் கோபிக்கவில்லை. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றுப் பால் மேலே வந்து நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார். தாய்ப்பாலுக்கு 4 மணி, பசும்பாலுக்கு 6 மணி இடைவெளி வேண்டுமாம். நாலு மணிப் பாலைத் தாய் கணக்கிட்டுத்தான் கொடுத்திருந்தாள்! எலியைப் பற்றிக் கவலைப்பட்ட எனக்கும் இது புதுச் செய்தி.

ஆபரேஷன் பிற்பகலுக்குத் தள்ளிப் போயிற்று. மாலையில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தது.

"இப்போது கொடுக்கலாமா, ஐயா?" என்றாள் பாட்டி. கையில் அதே பாலாடை.